கர்மாவை மானா பாயிண்ட் ஆக்கினா என்ன ஆகும்: ஒரு ஃபேன்டசி கதையோட நிகழ்வு ஆய்வு

நான் எழுதிட்டு இருக்கிற ஒரு ஃபேன்டசி கதையில மேஜிக் எப்படி வேலை செய்யணும்னு முதல்ல ஒரு மாதிரி வகுத்தேன், 7-வது அத்தியாயத்துல அது உடைஞ்சுது, அப்புறம் பௌத்த நூல்களை உக்காந்து ஒழுங்கா படிச்சு திரும்பக் கட்டினேன். எல்லாம் சேர்த்து ஒன்றரை வருஷம் ஆச்சு. எங்க உடைஞ்சுது, ஏன், எதை வச்சு சரி பண்ணேன்னு முழுசா எழுதி வைக்கிறேன். பௌத்தத்தை அடிப்படையா வச்சு மாயக்கதை எழுதுற நிறைய பேர் நான் விழுந்த அதே இடத்துல விழறதைப் பாக்குறேன், அவங்களுக்கு இது உதவும்.

கதை சுருக்கமா இது தான். ஒரு மலை நாடு, அங்க ஒரு பழைய விகாரை. தாரைன்னு 16 வயசுப் பொண்ணு, பிக்குணி ஆகறதுக்கு முன்னாடி இருக்கிற சாமணேரி. அவளுக்கு குரு ஒரு வயசான தேரி, அதாவது மூத்த பிக்குணி. எதிர்ப்பக்கம் கோடன், ஒரு காலத்துல அதே விகாரையில படிச்சு வெளியே போனவன், இப்போ ராஜாவுக்கு வலது கை.

முதல் வடிவத்துல மேஜிக் ரூல்ஸ் இப்படி இருந்துச்சு. நல்லது செஞ்சா புண்ணியம் சேரும், அந்தப் புண்ணியம் தான் மானா (கேம்ல மந்திரம் போட செலவாகிற சக்தி), அதை செலவு பண்ணி நெருப்பு விடலாம், பறக்கலாம். மந்திரம் தான் ஸ்பெல். தியானம் பண்ணா சீக்கிரம் சார்ஜ் ஆகும். லெவல் ஏற ஏற பவர் கூடும், கடைசி லெவல் நிர்வாணம்ங்கிற முக்தி, அங்க போயிட்டா யாராலும் தொட முடியாது. ஒரு கேமுக்கு இது நல்லாவே ஓடும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல.

உடைஞ்சது எங்கன்னா, தாரை ஒரு சண்டைக்கு முன்னாடி மானா தீர்ந்து நிக்கிறா. வழியில ஒரு கிழவி ஆத்தைக் கடக்க முடியாம உக்காந்திருக்காங்க. தாரை அவங்களைத் தூக்கிட்டுப் போய் அக்கரையில விடுறா, புண்ணியம் ஏறுது, அடுத்த பக்கத்துல நெருப்பு விடுறா. எழுதும்போது எனக்கு ரொம்ப அழகா வந்த மாதிரி இருந்துச்சு. ட்ராஃப்ட் படிச்ச ஒரு தோழி ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க: "அவ அந்தப் பாட்டியைத் தூக்கினது பாட்டிக்காகவா, நெருப்புக்காகவா?" எனக்கு பதில் வரல. தாரைக்கே பதில் தெரியாதுன்னு அப்போ தான் தெரிஞ்சுது, ஏன்னா என்னோட ரூல் அந்தக் கேள்வியைக் கேக்கவே விடல. நெருப்புக்காகத் தூக்கினாலும் அதே பாயிண்ட், பாட்டிக்காகத் தூக்கினாலும் அதே பாயிண்ட்.

எது தப்பு

அங்குத்தர நிகாயம்ங்கிற பாலி பௌத்தத் தொகுப்புல புத்தர் சொல்ற ஒரு வரி இருக்கு, சேதனையைத் தான் நான் கம்மம்னு (கர்மான்னு) சொல்றேன்னு. சேதனைன்னா மனசு ஒரு செயலை நோக்கி நகர்ற அந்த நோக்கம். கை என்ன செஞ்சுதுங்கிறதுக்கு முன்னாடி மனசு என்ன செஞ்சுதுங்கிறது தான் கணக்கு. அப்படிப் பாத்தா பாயிண்ட் சேக்கறதுக்காக செய்ற நல்லது வேற ஒரு செயலாவே மாறிடுது, அதோட விளைவும் வேற. ஒரு தராசுல எடை போட்டு சேத்து வைக்கிற பொருளா கர்மாவை எழுதினா, பேரு மட்டும் பௌத்தம், உள்ள இருக்கிறது பேங்க் அக்கவுண்ட்.

இதை விட மோசமான தப்பு ஒண்ணு என் ட்ராஃப்ட்டுல இருந்துச்சு, அதை எழுதினதுக்கு இன்னைக்கும் வருத்தப்படுறேன். 3-வது அத்தியாயத்துல ஒரு ஊர்ல கொள்ளைநோய் வருது, தேரி ரொம்ப அமைதியா "இது அவங்க முற்பிறவி வினை"ன்னு சொல்லிட்டு நடந்து போயிடறாங்க. ஞானியை அப்படித்தான் எழுதணும்னு நெனச்சேன். அப்புறம் சம்யுத்த நிகாயத்துல சீவக சுத்தம் படிச்சேன் (சுத்தம்னா பாலியில புத்தரோட உரை). மோலியசீவகன்னு ஒரு பரிவிராஜகர், அதாவது ஊர் சுத்தற துறவி, வந்து, மனுஷன் அனுபவிக்கிற இன்ப துன்பம் எல்லாமே முன்னாடி செஞ்சதோட பலன் தான்னு சிலர் சொல்றாங்களே, நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கறாரு. புத்தர் அதை ஒத்துக்கல. பித்தத்தால வரும், கபத்தால வரும், வாதத்தால வரும், மூணும் சேர்ந்து வரும், பருவம் மாறினா வரும், கவனமில்லாம நடந்துக்கிட்டா வரும், அடுத்தவன் தாக்கினா வரும், வினைப்பலனாலயும் வரும். 8 காரணம், அதுல வினை ஒண்ணு. எல்லாமே முன்வினை தான்னு சொல்றவங்க தங்களுக்கே தெரிஞ்சதையும் உலகம் ஒத்துக்கிட்டதையும் தாண்டிப் பேசுறாங்கன்னு சொல்லி முடிக்கறாரு. நோயாளி முன்னாடி நின்னு "உன் கர்மா"ன்னு சொல்ற குருவை பௌத்த ஞானின்னு எழுதறது நூலுக்கும் துரோகம், நோயாளிக்கும் துரோகம். அந்த சீனை எடுத்துட்டு, தேரி கொப்பரையில வெந்நீர் வச்சு ஊரார் துணியைத் துவைக்கிற மாதிரி மாத்தினேன்.

சரி, கர்மா மானா இல்லன்னா சக்தி எங்க இருந்து வரணும்? இங்க தான் எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்துச்சு, ஏன்னா பௌத்த நூல்கள் இதுக்கு ரொம்ப நுணுக்கமா பதில் எழுதி வச்சிருக்கு, அதை நாம யாரும் திறந்து பாக்கறதே இல்ல.

மண் தட்டு

இந்த அற்புத சக்தியைப் பாலியில இத்தின்னு சொல்றது, வடமொழியில ரித்தி. தீக நிகாயத்துல சாமஞ்ஞபல சுத்தத்துல பட்டியல் வருது: ஒருத்தரே பலராகறது, மறையறது, சுவர் வழியா போறது, பூமிக்குள்ள தண்ணில முங்கற மாதிரி முங்கி எழறது, தண்ணி மேல தரையில நடக்கற மாதிரி நடக்கறது, சம்மணம் போட்டபடி பறவை மாதிரி பறக்கறது, சூரியனையும் சந்திரனையும் கையால தொடறது. இதெல்லாம் நாலாவது ஜானம்ங்கிற தியான நிலை வரைக்கும் போன, மென்மையாவும் அசையாததாவும் ஆன மனசுல இருந்து வர்றதா சொல்லியிருக்கு.

5-ஆம் நூற்றாண்டுல இலங்கையில இருந்து புத்தகோசர் எழுதின விசுத்திமக்கம் இதை இன்னும் கீழ இறங்கி விளக்குது. அதுல 40 தியானப் பொருள் இருக்கு, அதுல 10 கசிணம், அதாவது மனசைக் குவிக்க உத்துப் பாக்கற பொருள். மண் கசிணத்துக்கு என்ன பண்ணணும்னா, விடியற்கால வானத்தோட நிறத்துல மண் எடுத்து, புல் வேர் கல் எல்லாம் நீக்கி நல்லா பிசைஞ்சு, ஒரு சாண் நாலு விரல் அகலத்துல வட்டமா ஒரு தட்டு மாதிரி செஞ்சு, ரெண்டரை முழம் தள்ளி, ஒரு சாண் நாலு விரல் உயரத்துல ஆசனம் போட்டு உக்காந்து, மண், மண்னு பாத்துட்டே இருக்கணும். கண்ணை மூடினாலும் திறந்தபோது தெரிஞ்ச மாதிரியே அது தெரிய ஆரம்பிச்சா அது உக்கஹ நிமித்தம், நிமித்தம்னா இங்க மனசுல தெரியற உருவம். அதுல தட்டோட குறை எல்லாம், விரல் அடையாளம் உட்பட, அப்படியே தெரியும். அதையும் தாண்டிப் போனா பிரதிபாக நிமித்தம் வரும், குறை ஒண்ணும் இருக்காது. உறையில இருந்து எடுத்த கண்ணாடி மாதிரி, மேகத்துக்குப் பின்னால இருந்து வெளிய வந்த நிலா மாதிரி, கருமேகத்துக்கு முன்னாடி பறக்கற கொக்கு மாதிரின்னு எழுதியிருக்காரு. கொக்கு உவமையைப் படிச்ச அன்னைக்கு நான் வேற எதுவும் எழுதல.

இனிமே தான் மேஜிக் சிஸ்டம். எந்தக் கசிணம் எந்த சக்திக்கு அடிப்படைங்கிறதையும் சொல்லியிருக்கு. மண் கசிணம் கைவந்தா என்ன பண்ணலாம், பூமியைப் பிளக்கலாம்னு தானே யோசிப்போம்? கிடையாது. மண் கசிணம் கைவந்தவர் தண்ணி மேல நடக்கலாம், ஏன்னா அவர் தண்ணியில மண்ணை உண்டாக்கறாரு. தண்ணிக் கசிணம் கைவந்தவர் பூமிக்குள்ள முங்கலாம், மழை வரவழைக்கலாம். நெருப்புக் கசிணத்துல எதை எரிக்கணும்னு நெனைக்கறாரோ அதை மட்டும் எரிக்கலாம். காத்துக் கசிணத்துல காத்து வேகத்துல போகலாம், நீலக் கசிணத்துல இருட்டை உண்டாக்கலாம், ஆகாசக் கசிணத்துல மறைஞ்சதை வெளிக்காட்டலாம், சுவருக்குள்ள வெளியை உண்டாக்கி ஊடால போகலாம். அதாவது எதிர்ல இருக்கிற பொருளை நேரா ஆட்டி வைக்கிற சக்தி இது கிடையாது, தான் பழகின ஒண்ணை அது இல்லாத இடத்துல கொண்டு வர்ற சக்தி. இந்த ஒரு தர்க்கத்துல இருந்து நூறு சீன் எழுதலாம். தாரை மண் கசிணம், கோடன் தண்ணிக் கசிணம்னு முடிவு பண்ணேன், ரெண்டு பேரும் ஏரியில மோதினா ஒருத்தி தண்ணி மேல ஓடுறா, ஒருத்தன் கரைக்குள்ள முங்கி முங்கி வர்றான், யார் எந்த இடத்துல பலம்னு படிக்கிறவங்களுக்கு சொல்லாமயே புரியும்.

எத்தனை பேருக்கு இது வரும்ங்கிறதுக்கும் கணக்கு இருக்கு. கசிணப் பயிற்சி பண்ண முடியறது நூத்துல ஒருத்தருக்கோ ஆயிரத்துல ஒருத்தருக்கோ தான், பண்ணவங்கள்ல நிமித்தம் வர்றது நூத்துலயோ ஆயிரத்துலயோ ஒருத்தருக்கு, வந்தவங்கள்ல அதை விரிச்சு ஆழ்நிலைக்குப் போறது அதே மாதிரி, இப்படியே படிப்படியா போகுது. நூத்துக்கு ஒண்ணுன்னு தாராளமா வச்சாலே மூணு படியில 10 லட்சத்துல ஒருத்தர். அதனால என் நாட்டுல மந்திரவாதிப் படையெல்லாம் எடுத்துட்டேன். அந்தத் தலைமுறைக்கு ரெண்டே பேர்.

இன்னொரு பொக்கிஷம், நிமித்தத்தைப் பாதுகாக்கணும்ங்கிறது. சக்கரவர்த்தியா பிறக்கப்போற கருவை ஒரு ராணி எப்படிக் காப்பாத்துவாளோ அப்படிக் காக்கணுமாம். தங்கற இடம், பிச்சைக்குப் போற ஊர், பேச்சு, கூட இருக்கிற ஆள், சாப்பாடு, பருவநிலை, உடம்பு இருக்கிற நிலை, இந்த 7-ல பொருந்தாதது வந்தா கிடைச்சதும் போயிடும். சக்தி எப்போ தீரும்னு ஒரு மீட்டர் வைக்க வேண்டிய அவசியமே இல்ல. தப்பான ஆளோட ஒரு ராத்திரி பேசினா போதும், காலையில கண்ணை மூடினா தட்டு தெரியாது.

விலை

சக்தி கிடைச்சா அதுக்கு என்ன விலைன்னு ஃபேன்டசி எழுதறவங்க எல்லாரும் மண்டையை உடைச்சுக்குவாங்க, ரத்தம் குடு, ஆயுசு குடுன்னு. பௌத்தத்துல நான் படிச்ச வரைக்கும் விலை எங்க இருக்குன்னா, அதைக் காட்டணும், அதால எதையாவது அடையணும்ங்கிற ஆசையில இருக்கு. இந்த முழு ஆய்வுலயும் நான் கண்டுபிடிச்சதுன்னு ஒண்ணு இருந்தா அது இது தான், மீதி எல்லாம் இதுல இருந்து வந்தது.

வினயம்ங்கிற பிக்குகளோட விதி நூல்ல ஒரு கதை. ராஜகிருகத்துல ஒரு செட்டி சந்தனக்கட்டையில பாத்திரம் கடைஞ்சு, மூங்கில் மேல மூங்கிலாக் கட்டி உச்சியில மாட்டி வச்சு, உண்மையான அரகந்தர் (விடுதலை அடைஞ்சவர்) யாராவது இருந்தா எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு. பிண்டோல பாரத்வாஜர்ங்கிற பிக்கு பறந்து போய் எடுத்து, ஊரை மூணு சுத்து சுத்தறாரு. ஊரே ஆரவாரம் பண்ணிட்டுப் பின்னால வருது. புத்தர் பாராட்டல. ஒரு அற்பக் காசுக்காக உடம்பைக் காட்டற மாதிரி ஒரு மரப்பாத்திரத்துக்காக இதைக் காட்டிட்டியேன்னு கண்டிக்கறாரு. இனிமே கிருகஸ்தர் முன்னாடி இத்தி காட்டறது குற்றம்னு விதி வருது. பாத்திரத்தை உடைச்சு அரைச்சு கண் மை கலக்கறதுக்குப் பொடியா குடுத்துடறாங்க. அந்தப் பொடி எனக்கு ரொம்பப் பிடிச்ச விவரம். வீணாக்கல, ஆனா அது பாத்திரமா இருக்க விடல.

கேவட்டன்னு ஒரு கிருகஸ்தர் நாலந்தாவுல புத்தர்கிட்ட வந்து, ஒரு பிக்குவை அற்புதம் காட்டச் சொல்லுங்க, ஊரே உங்க பக்கம் வந்துடும்னு கேக்கறாரு. அதுக்கு பதில், நம்பாதவன் இதெல்லாம் காந்தாரிங்கிற மந்திர வித்தைன்னு சொல்லிட்டுப் போயிடுவான், அதனால இதுல ஆபத்தைப் பாக்கறேன், இதுக்கு வெக்கப்படறேன்னு. உண்மையான அற்புதம் போதிக்கறது தான்னு சொல்றாரு. பிக்குகளோட விதியில, இல்லாத சக்தியை இருக்குன்னு பொய் சொன்னா அது பாராஜிகம், சங்கத்துல இருந்தே வெளியே. உண்மையாவே இருந்தாலும் துறவு வாங்காதவங்ககிட்ட சொன்னா அதுவும் சின்னக் குற்றம். ஒரு மந்திரவாதி தன்னை மந்திரவாதின்னு சொல்லவே முடியாத உலகம்! கதைக்கு எவ்வளவு நல்ல இறுக்கம் இது. என் கதையில இப்போ விகாரையில யாருக்கு என்ன வரும்னு யாருக்கும் தெரியாது, கேக்கவும் கூடாது.

கோடனுக்கு முன்மாதிரி, புத்தரோட சங்கத்துலயே இருந்து அவருக்கு எதிரா போன தேவதத்தன். இடுப்புல பாம்பு சுத்தின சின்னப் பையன் உருவத்துல போய் இளவரசன் அஜாதசத்ருவோட மடியில தோன்றி, பயமுறுத்தி, அப்புறம் தன் உருவம் காட்டி மயக்கறான். கொடையும் மரியாதையும் குவியுது. சங்கத்தை நானே நடத்தணும்னு ஒரு எண்ணம் மனசுல வருது, வந்த அந்த நொடியிலயே சக்தி போயிடுது. யாரும் சாபம் விடல, யாரும் பறிக்கல, எண்ணமே பறிச்சுடுச்சு. இதுக்கு மேல ஒரு வில்லன் வீழ்ச்சியை என்னால கற்பனை பண்ண முடியல. கோடனுக்கு சக்தி எப்பவோ போயிடுச்சு, ராஜாவுக்குத் தெரியாது, 5 வருஷமா பயத்துலயே நாட்டை ஆளுறான்னு மாத்தினேன். அந்த ஏரிச் சண்டையில அவன் கரைக்குள்ள முங்க முயற்சி பண்ணி தலையை மோதிக்கிட்ட இடத்துல தான் தாரைக்கும் நமக்கும் ஒண்ணா தெரியுது.

சக்தியோட எல்லைக்கு புத்தரோட சீடர் மொக்கல்லானர். இத்தியில முதன்மையானவர்னு புத்தரே சொன்னவர். தம்மபத உரைக் கதையில காசு வாங்கின கொள்ளைக்காரங்க அவரைச் சுத்தி வளைக்கறாங்க, ஒரு தடவை சாவித்துவாரம் வழியா தப்பிக்கறாரு, அடுத்த தடவை கூரை வழியா. மூணாவது தடவை, ஒரு முற்பிறவியில தன் அப்பா அம்மாவைக் கொன்ன வினை இழுக்கறது அவருக்குத் தெரியுது, தப்பிக்கல. அடிச்சு எலும்பை நொறுக்கிடறாங்க. உலகத்துலயே பெரிய மந்திரவாதி, தப்பிக்கத் தெரிஞ்சும் நின்னது.

தமிழ்ல ஏற்கனவே ஒருத்தர் செஞ்சுட்டாரு

இவ்வளவு தேடினப்புறம் தான் மணிமேகலையைத் திரும்ப எடுத்தேன், இதை முதல்லயே எடுத்திருக்கணும். சீத்தலைச் சாத்தனார் ஒரு கதைக்கு உள்ள பௌத்த மாயத்தை எப்படி வைக்கணும்னு முழுசா செஞ்சு காட்டியிருக்காரு. மணிமேகலா தெய்வம் மணிபல்லவத் தீவுல கதாநாயகி மணிமேகலைக்கு மூணு மந்திரம் தருது: வேற உருவம் எடுக்க, வானத்துல போக, பசி தாங்க. போர் மந்திரம் ஒண்ணு கூடக் கிடையாது. அந்த உருவம் மாத்தற மந்திரத்தால என்ன நடக்குதுன்னு பாருங்க. தன் பின்னால சுத்தற இளவரசன் உதயகுமரன்கிட்ட இருந்து ஒதுங்க மணிமேகலை காயசண்டிகைங்கிற பொண்ணோட வடிவம் எடுக்கறா. காயசண்டிகையோட 12 வருஷப் பசி சாபம் முடியற நேரம், மனைவியான அவளைத் தேடி வந்த காஞ்சனன் அந்த உருவத்தைப் பாத்து தன் மனைவி இன்னொருத்தனோட பேசிட்டு இருக்கான்னு நெனச்சு உதயகுமரனை வாளால வெட்டிடறான். தப்பிக்கறதுக்காக போட்ட உருவம் ஒரு உயிரை எடுத்துடுச்சு. அப்புறம் கந்திற்பாவைங்கிற தூண்ல இருக்கிற தெய்வப் பாவை முற்பிறவியில உதயகுமரன் இராகுலனா இருந்தப்போ ஒரு சமையக்காரனை வெட்டின வினையை சொல்லுது. மந்திரம், காஞ்சனனோட கோபம், பழைய வினை, மூணும் ஒரே இடத்துல குறுக்க வெட்டற அந்தக் கட்டுமானத்தை நான் நாலு தடவை படிச்சேன். பசி தாங்கற மந்திரத்தையும் சாத்தனார் மறக்கல, மகனை இழந்த ராணி அவளைச் சிறை வச்சு பட்டினி போடறப்போ அது தான் காப்பாத்துது.

அமுதசுரபியோட முன்கதை அதை விட ஆழம். ஆபுத்திரன் கையில அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். இந்திரன் மழை பெய்ய வைக்கறான், நாடு செழிக்குது, பசிச்சவங்களே இல்ல, பாத்திரத்துக்கு வேலை இல்ல. கப்பல் ஏறிப் போறான், மணிபல்லவத்துல இறங்கினவனை விட்டுட்டுக் கப்பல் போயிடுது. ஆளில்லாத தீவு, கையில தீராத சோறு. தன் வயிறை மட்டும் நிரப்ப அது எதுக்குன்னு கோமுகிப் பொய்கையில விட்டுட்டு, சாப்பிடாமயே உயிரை விடறான். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் அது மேல வரும். ஒரு மாயப்பொருளுக்கு இதுக்கு மேல சுத்தமான விதி எழுத முடியுமான்னு தெரியல, பசிக்கிற இன்னொருத்தர் இருந்தா தான் அதுக்கு அர்த்தம்.

வஜ்ரயானம்ங்கிற தாந்திரிக பௌத்தத்தைப் பத்தி சுருக்கமாவே சொல்றேன். அங்க சாந்தப்படுத்தறது, பெருக்கறது, வசப்படுத்தறது, அழிக்கறதுன்னு நாலு வகைச் செயல் பிரிச்சு வச்சிருக்காங்க, கதைக்கு ரொம்ப வசதியான பிரிவு. திபெத்துல மிலரேபாங்கிற துறவியோட வாழ்க்கைக் கதையில அம்மாவோட வற்புறுத்தலால சூனியம் கத்துக்கிட்டு கல்யாண வீட்டை இடிச்சு 35 பேரைக் கொல்றாரு, அப்புறம் அந்தப் பாவத்தைக் கரைக்க குரு மார்ப்பாகிட்ட கல்லைச் சுமந்து கோபுரம் கட்டிக் கட்டி இடிக்கறாரு. ஆனா மந்திரங்களும் முத்திரைகளும் இன்னைக்கும் உயிரோட இருக்கிற ஜனங்க குருகிட்ட தீட்சை வாங்கி செய்யறது. அதை எடுத்து என் கேரக்டர் வாயில ஸ்பெல்லா போட எனக்கு மனசு வரல. என் கதையில மந்திர வார்த்தை ஒண்ணு கூட இல்ல, இல்லாததால ஒரு குறையும் வரல.

சத்தியம்

மந்திர வார்த்தைக்கு பதிலா வச்சது சச்சகிரியா, சத்தியச் செயல். ஒரு உண்மையை சத்தமா சொல்லி, இந்த உண்மையால இது நடக்கட்டும்னு சொல்றது. அங்குலிமாலன் கொலைகாரனா இருந்து பிக்கு ஆனவர், பிரசவத்துல தவிக்கிற ஒரு பொண்ணைப் பாத்துட்டு வந்து புத்தர்கிட்ட சொல்றாரு. பிறந்ததுல இருந்து தெரிஞ்சு ஒரு உயிரையும் கொன்னதில்ல, அந்த சத்தியத்தால நீ நல்லா இருன்னு போய் சொல்லுன்னு புத்தர் சொல்றாரு. அது பொய்யாகிடுமேன்னு அங்குலிமாலன் தயங்கறாரு. அப்போ, இந்த உயர்ந்த பிறப்பு (அதாவது துறவு) எடுத்ததுல இருந்துன்னு சேத்து சொல்லுன்னு திருத்தறாரு. ஒரே ஒரு சொல் மாறுது, வாக்கியம் உண்மை ஆகுது, தாயும் குழந்தையும் பிழைக்கறாங்க.

அந்த உண்மை புண்ணியமான உண்மையா இருக்கணும்னு கூட இல்லங்கிறது தான் என்னை அசைச்சது. மிலிந்த பஞ்ஹாங்கிற பாலி நூல்ல பிந்துமதின்னு ஒரு கணிகை, பாடலிபுத்திரத்துல அசோகர் முன்னாடி கங்கையைத் திருப்பி ஓட விடறா. அசோகர் உனக்கா இந்த சக்தின்னு கேட்டதுக்கு அவ சொன்ன சத்தியம், யார் காசு கொடுத்தாலும், சத்திரியனோ சூத்திரனோ, விருப்பும் இல்லாம வெறுப்பும் இல்லாம ஒரே மாதிரி நடத்தறேன்ங்கிறது. வட்டக ஜாதகத்துல (ஜாதகம்னா புத்தரோட முற்பிறவிக் கதை) ஒரு காடைக்குஞ்சு காட்டுத்தீ முன்னாடி சொல்லுது: சிறகு இருக்கு, பறக்க முடியல, கால் இருக்கு, நடக்க முடியல, அப்பா அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க, தீயே திரும்பிப் போ. தீ திரும்பிப் போகுது.

12-வது அத்தியாயத்துல வெள்ளம் வருது, தாரைக்குப் பின்னால ஊரே நிக்குது, அவ அம்மா உட்பட. தாரை முதல்ல சொல்றா, எல்லா உயிர் மேலயும் எனக்கு அன்பு இருக்கு, இந்த சத்தியத்தால தண்ணி நிக்கட்டும்னு. தண்ணி முழங்கால் வரைக்கும் ஏறுது, ஏன்னா அது உண்மை இல்ல. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், அந்தக் கொள்ளைநோய்ல போனவன். தாரை திரும்பவும் வாயைத் திறந்து சொல்றா, தம்பி செத்த ராத்திரி எனக்கு நிம்மதியா இருந்துச்சு, ஏன்னா அன்னைக்குத் தான் நான் தூங்கினேன், இந்த சத்தியத்தால தண்ணி நிக்கட்டும். தண்ணி நின்னுடுது. அம்மாவுக்கும் கேட்டுடுது.

இதை எழுதறதுக்கு முன்னாடி எனக்கே தெரியாது இது தான் வரப்போகுதுன்னு. முதல்ல பாட்டிக் கேள்வி கேட்ட அதே தோழி படிச்சுட்டு, இப்போ அவ யாருக்காக செஞ்சான்னு எனக்குத் தெரியுதுன்னு மட்டும் சொன்னாங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி, அந்தக் கடைசி லெவல் நிர்வாணம். அபிஞ்ஞைகள், அதாவது மேலான அறிவுகள், ஆறு, அதுல இத்தி, தூரக் கேள்வி, மனசறியறது, முற்பிறவி நினைவு, திவ்ய பார்வை, இந்த அஞ்சும் உலகியலைச் சேர்ந்தது, பௌத்தர் அல்லாத தவசிகளுக்கும் வரும். ஆறாவது ஆசவங்கள், அதாவது மனசோட கறைகள், அழியறது, அது தான் விடுதலை. அஞ்சும் இல்லாம ஆறாவது வர முடியுமான்னா, முடியும். சுசீம சுத்தத்துல சுசீமன்னு ஒருத்தர், விடுதலை அடைஞ்சுட்டோம்னு சொன்ன பிக்குகள்கிட்ட போய், உங்களால பறக்க முடியுமா, முற்பிறவி தெரியுமான்னு வரிசையா கேக்கறாரு. இல்ல, இல்லன்னே பதில் வருது, நாங்க ஞானத்தால விடுபட்டவங்கன்னு சொல்றாங்க. என்னோட லெவல் ஏணி அங்க தான் முழுசா உடைஞ்சுது. தேரிக்கு நான் எழுதி வச்சிருந்த எல்லா சக்தியையும் எடுத்துட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் வராது, எப்பவுமே வந்ததில்ல. தாரை இத்தனை நாள் அவங்க மறைச்சு வச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டு இருந்தா.

இப்போ 14-வது அத்தியாயத்துல நிக்கறேன். அம்மா பேசறதில்ல, தாரையும் ஊர்ல யார்கிட்டயும் பேசறதில்ல, கண்ணை மூடினா தட்டு தெரியல, நிமித்தம் போயிடுச்சு. காலையில தேரி அந்த நிறத்து மண்ணைத் தேடி எடுத்துட்டு வந்து, வேரும் கல்லும் பொறுக்கி எறிஞ்சுட்டு, பிசைஞ்சு, ஒரு சாண் நாலு விரல் வட்டம் போட்டு, ரெண்டரை முழம் தள்ளி ஆசனத்தை வச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம துணி துவைக்கப் போயிடறாங்க. தாரை வாசல்லயே நிக்கறா. அவ வந்து உக்காருவாளான்னு இன்னும் எழுதல.